மழைக்கடலில் ஓர் எட்டு

காது மருத்துவமனைப் படிவத்தில்
'கணவரின் தொழில்' என்றொரு கட்டம்.
தொலைபேசி இணைப்பகத்தில் பழுது பார்த்தவர் என்று
கை தானாகவே எழுதிவிட்டது.
ஐம்பது வருடத்தில் பொய்க்கும் கையெழுத்து படிந்துவிடுகிறது.

சிம்ஃபெரோபோலுக்கு வெளியே, முள்வேலிக்குள்,
ஜன்னலில்லாத அறை. நாங்கள் ஐந்து பேர்.
அர்செனி ஓட்டுவான். வித்தோல்த் வழி பார்ப்பான்.
என் வேலை சிறியது:
அந்த எட்டுச் சக்கர வண்டி
நிலவின் எந்தப் பள்ளத்தில் சாய்ந்தாலும்
அதன் ஆண்டெனா பூமியைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.
முகம் திரும்பினால் பேச்சு நின்றுவிடும்.
வீட்டிலும் அதே விதிதான் என்பது
வெகு தாமதமாகத் தெரிந்தது.

படங்கள் ஒவ்வொன்றாக, விநாடிகளை விழுங்கி விழுங்கி வரும்.
நாங்கள் இப்போது பார்க்கும் கல்
ஏற்கெனவே சக்கரத்தடியில் போயிருக்கும்.
'நில்' என்ற சொல்
போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல்.
நாற்காலியைவிட்டு எழாமலே
சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

அங்கே இரவென்றால் பதினான்கு நாள்.
மூடியைச் சாத்திக்கொண்டு
வயிற்றில் சிறு கணப்போடு வண்டி தூங்கும்.
அப்போதுதான் நாங்கள் வீட்டுக்காரர்கள்;
ஒழுகும் குழாய், பல் டாக்டர், மாமியார்.
என் மகள் தாய்சியா முதல் அடி வைத்தது
நிலவின் பகலில்.
நான் பார்க்கவில்லை.

மார்ச் எட்டு, பெண்கள் தினம்.
ஊரிலிருந்த மிமோசா பூவெல்லாம் காலையிலேயே விற்றுப் போயிருந்தது.
முதலில் சொன்னது யாரென்று ஞாபகமில்லை.
அர்செனி வண்டியை வளைத்தான்,
இன்னொரு முறை வளைத்தான்.
மழைக்கடல் என்று பேர், ஒரு துளி அறியாத தரை,
அதில் ஓர் எட்டு.
வளைவுக்கு வளைவு நான் அதன் முகத்தைத்
திருப்பித் திருப்பி நம் பக்கம் வைத்தேன்.
தலைவர் பதிவேட்டில் எழுதினார்:
'திரும்பும் திறன் சோதிக்கப்பட்டது.'

விடியுமுன் வெறுங்கையோடு வீடு.
நோன்னா பால்கனியில்
உறைந்த சட்டைகளைப் பலகைபோல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.
"நிலாவைப் பாரேன்" என்றேன்.
மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது,
முழுசாக இன்னும் மூன்று நாள் பாக்கி.
பார்த்தாள்.
"அதுக்கென்ன?"
"ஒன்றுமில்லை."
அந்த ஒன்றுமில்லை
பதினெட்டு வருடம் எங்களோடு குடியிருந்தது,
வாடகை கொடுக்காமல்.

ரகசியம் காலாவதியான பிறகு
சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.
அவள் பீட்ரூட் நறுக்குவதை நிறுத்தவில்லை.
"நீ காணாமல் போகும் நாளையெல்லாம்
நாட்காட்டியில் வட்டமிட்டு வந்தேன்.
முதலில் ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.
வட்டங்கள் நிலாவோடு வளர்வதைப் பார்த்தேன்.
எந்தப் பெண்ணும் இவ்வளவு ஒழுங்காக வரமாட்டாள்."
பிறகு கேட்டாள், "எவ்வளவு பெரிசு அந்த எட்டு?"

தெரியவில்லை.
முழுதாக அதை எங்களில் எவரும் பார்த்ததில்லை.
படத்துக்கொரு துண்டுத் தடம்,
மிச்சம் எங்கள் தலைக்குள்.

"அப்படியானால் ஆறாகவும் இருந்திருக்கலாம்" என்றாள்
சிவந்த விரல்களைத் துடைத்தபடி.

அந்த வண்டி ஒரு செப்டம்பரில் பேச்சை நிறுத்தியது.
நாட்கணக்காகக் கூப்பிட்டோம்.
நாற்பது வருடத்துக்கு அருகில்
எங்கோ ஒரு மலையிலிருந்து எவரோ ஒளியை வீச,
அதன் முதுகுக் கண்ணாடி திருப்பி அனுப்பியதாம்.
செய்தித்தாளில் நான்கு வரி.
இன்னும் நம் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நோன்னாவுக்கு இடது காது போய்விட்டது.
பஸ்ஸிலும் வரிசையிலும்
வலப்பக்கமாகப் போய் நின்றுகொள்கிறேன்.
ஏதாவது கேட்டால்
பதில் வரச் சில விநாடி ஆகும்.
வரும்.